எல்லோர் மூடியும் திறந்த பிறகு

என் வீட்டுக்காரருக்கு அல்சைமர் நோய் என்று பெங்களூரு டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இந்தக் கோலார் தங்கவயலில் கிடையாது. வல்லாரையை அரைத்துக் கொடு என்றார்கள். பாதாம் பருப்பை ஊறவைத்துக் கொடு என்றார்கள். ஆண்டர்சன்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஒருவர், தினமும் பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைப் போட்டால் இந்த நோய் கிட்டவே வராது என்றார். வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கிறதே, இப்போது என்ன போடுவது என்று கேட்டேன். பில்லைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். என் நாத்தனார் முளபாகல் பக்கத்துப் பூசாரி ஒருவரிடம் தாயத்து வாங்கிவந்து அண்ணன் கையில் கட்டினாள். கட்டி முடித்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இந்தம்மா யாரு, என் கைய எதுக்குப் புட்சிகினு கீது?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். தாயத்தின் சக்தி அவ்வளவுதான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதனால் என் காதில் எதை வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று நினைக்கிறார்கள். தங்கச் சுரங்கத்தை, எங்கள் மைனை, மூடியபோது இந்த ஊர் ஆண்பிள்ளைகள் பாதிப் பேர், திறப்பார்கள் திறப்பார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசியே தாடியை வளர்த்தார்கள். மீதிப் பேர் விடியற்கால ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்குக் கூலிக்குப் போனார்கள். நான் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே இட்லிக் கடை போட்டேன். இன்றைக்குப் பங்காருபேட்டையிலிருந்து வி.கோட்டை வரைக்கும் கல்யாணச் சமையல் என்றால் என் வேன் போய் நின்றால்தான் மண்டபத்துக்குக் களை. அமெரிக்காவிலிருந்து வந்த மாப்பிள்ளைகள் என் சாம்பாரைக் கையால் வழித்துச் சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கைதூக்கியும் விடவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் உதவினார். சாம்பியன் ரீப்ஸ் ஷாஃப்டில், அந்தச் சுரங்கக் குழியில் இறங்கிப் பாறை உடைத்த மனிதர், மைன் போனதும் ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். அதிலிருந்து ஸ்டோர் ரூம் சாவி அவர் இடுப்பில்தான். எந்த மூட்டையில் எவ்வளவு பருப்பு என்று கேட்டவுடன் சொல்லுவார்.

அந்த மனிதர்தான் ஒரு கல்யாணத்தில் சாம்பாருக்கு இரண்டாம் தடவை உப்புப் போட்டார். "போட்டாச்சே, இன்னாங்க பண்றீங்க?" என்று கத்தினேன். "எப்ப போட்டேன்?" என்றார். திருட்டு முழியே இல்லை, சுத்தமான முகம். சற்று நேரம் கழித்து, "இது யார் வூட்டுக் கல்யாணம்?" என்றார். சொன்னேன். இலை போடுவதற்குள் மறுபடியும் அதையே கேட்டார். என் ஆட்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். அண்டா கழுவத் தெரியாத பயல்கள், என் சம்பளத்தில் வயிறு வளர்த்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கே இரண்டு பேர் கணக்கைத் தீர்த்து அனுப்பினேன்.

பெங்களூரு டாக்டர் சின்னப் பெண். என் மகளாக இருந்தால் முதலில் ஒரு வாய் சாப்பிடு என்று சொல்லியிருப்பேன், அவ்வளவு மெலிவு. ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் கன்னடமும் தமிழும் கலந்து பேசினாள். மூளைக்குள்ளே காதுக்கு நேராக, இரண்டு பக்கமும் கடல்குதிரை மாதிரி வளைந்த ஒரு சின்னப் பகுதி இருக்கிறதாம். இன்றைக்குப் பார்த்ததை, கேட்டதை எல்லாம் நாளைக்கும் நிற்கும்படி பதிய வைப்பது அதன் வேலையாம். செல்களுக்கு வெளியே ஒரு புரதம் பிசுபிசுவென்று கட்டியாகத் திரள்கிறது, உள்ளே இன்னொன்று நூல்சிக்கலாக முறுக்கிக்கொள்கிறது, செல்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் சாகின்றன, மூளை சுருங்குகிறது என்றாள். அந்தக் கடல்குதிரை இடம்தான் பெரும்பாலும் முதலில் அடிவாங்குமாம். ஆகவே அவர் மறக்கிறார் என்று சொல்வதே தப்பு, பதியவே இல்லை என்றாள். நேற்றைய சாம்பார் அவருக்குள் போகவே இல்லை. பழையது மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் அதுவும் போகும்.

இது என்ன நியாயம் என்று கேட்டேன். எங்கள் ஊரில் மைனை மூடியதும் தண்ணீர் இறைக்கும் பம்பை நிறுத்தினார்கள், தண்ணீர் அடியில் இருந்து ஏறியது. ஆழமான லெவல் முதலில் முழுகியது, மேல் லெவல் கடைசியில். அதுதான் முறை. இவர் மண்டைக்குள்ளே மேல் லெவல் முதலில் முழுகுகிறது, அடி லெவல் காய்ந்து கிடக்கிறது. பேரன் பிறந்தது முழுகிவிட்டது, நான் கட்டிய மாடி வீடு முழுகிவிட்டது, இடுப்பில் சாவி தொங்கிய வருஷங்கள் எல்லாம் முழுகிவிட்டன. இருட்டில் பாறை உடைத்த காலம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, நீங்கள் சொல்வது சரிதான் என்றாள். சரி என்று சொல்லத் தெரிகிறது, மருந்து கேட்டால் மட்டும், நோயைக் கொஞ்சம் மெதுவாக்கலாம், திருப்ப முடியாது என்கிறாள். போகும்போது இன்னொன்றும் சொன்னாள்: "அவரு எங்க இருக்கறதா நெனைக்கறாரோ, அங்க நீங்க போங்கம்மா. இங்க வா வான்னு இழுக்காதீங்க." நல்ல வைத்தியம். நான் ஷாஃப்டுக்குள்ளே போய் நிற்க வேண்டுமாம்.

மறதியையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், மெஸ்காரம்மா என்று கூப்பிட்டதையும் பொறுத்தேன். ஆயிரம் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் போன கார்த்திகையில் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தட்டை வைத்தால் பார்ப்பார். கையை மடியில் வைத்துக்கொள்வார். "அவன் வரட்டும்" என்பார். ஊட்டிவிட்டால் வாயை இறுக்குவார். டம்ளரில் கொடுக்கும் பாலும் கஞ்சியும் மட்டும் கொஞ்சம் உள்ளே போகும். நோயில் மோப்பம் சீக்கிரம் போய்விடும், பசியும் சரியாகத் தெரியாது என்று டாக்டர் போனில் சொன்னாள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்கே தெரியாமல் போகலாம், சிவப்புத் தட்டு வாங்குங்கள் என்றாள். வாங்கினேன். சிவப்புத் தட்டை வைத்துக்கொண்டும் "அவன் வரட்டும்" என்றார். கோழி, மீன், பாயசம், எல்லாம் செய்தேன். அவருக்கு உயிரான பிதுக்குப்பருப்புக் குழம்பு வைத்தேன். மொச்சையை ஊறவைத்து முன்னால் வைத்தால் அவர் கை தானாகப் பிதுக்கும். பருப்பு ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம், ஒன்று தவறாது. கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கிறதாம், அது கடைசி வரை நிற்குமாம். அவரே பிதுக்கிய பருப்பை நான் குழம்பாக்கி வைத்தால், தொடவில்லை. ஊருக்கெல்லாம் சோறு போட்ட எனக்கு வீட்டில் ஒருத்தருக்குப் போட முடியவில்லை.

அவன் என்றால் மகன்தானே என்று நினைத்தேன். பெங்களூரில் கம்பெனியில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவோடு சாப்பிடு என்றேன். வந்தான். டைனிங் டேபிளில் எதிரே உட்கார்ந்தான். ஒரு கையில் போன், இன்னொரு கையில் ஸ்பூன்.

"அப்பா, நான் வந்துட்டேன் பாரு, துன்னு."

"வரட்டும்," என்றார்.

"அதான் வந்துட்டேனே."

"நீ துன்னுப்பா. நீ ஆபீஸ் ஆளு. உனக்கு இன்னா."

மகன் என்னைத் தனியாக மாடிக்குக் கூட்டிப்போனான். பெங்களூரில் ஒரு ஹோம் இருக்கிறது, இந்த நோய்க்காரர்களுக்கென்றே, பார்த்துவிட்டேன், பொங்கல் கழித்துச் சேர்த்துவிடலாம் என்றான். சாப்பிடாமலே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டி வரும், அதை நீ வீட்டில் பார்ப்பாயா என்று கேட்டான். போனில் அந்த ஹோமின் படத்தைக் காட்டினான். பிளாஸ்டிக் பூச்செடி, சுவரில் சிரிக்கிற கிழவர்கள் படம். சாப்பாட்டைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். கிச்சடி, தண்ணீர் மாதிரி. என் கல்யாண மண்டபத்தில் நாயும் அதை முகராது. ஆனால் கீழே இறங்கி வந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சட்டைக்குள்ளே எலும்பு தெரிந்தது. பொங்கலுக்குள்ளே இவரைச் சாப்பிட வைக்காவிட்டால் என் கையிலிருந்து போய்விடுவார் என்பது எனக்குப் புரிந்தது.

இப்படி இருக்கையில்தான் அந்த ஆள் வந்தான். அவரோடு ஒரே கேங்கில் கீழே வேலை செய்தவன், அவரைவிடச் சின்னவன். இவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மைன் மூடிய நாளிலிருந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவன். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சைனைடு மண் மேட்டுப் பக்கம் நிழலில் சீட்டு ஆடுவான், வெயில் வந்தால் நிழலோடு சேர்ந்து நகருவான். அவன் பெண்சாதி பூக்கட்டிக் குடும்பம் நடத்தினாள். அவள் போன பிறகு, நான் கல்யாணச் சமையல் முடித்து வரும் நாளை எப்படியோ மோப்பம் பிடித்துப் பழைய அலுமினிய கேரியரோடு வந்து நிற்பான்.

"இன்னா அண்ணி, பந்தி ஜோரா?"

"ஜோரு இருக்கட்டும். வேலை வெட்டி எதுனா பாத்தியா?"

"வேலைதான் என்ன வுட்டுட்டுப் போச்சே அண்ணி. நான் அத்த வுடல."

அன்றைக்கு மீந்த பிரியாணியை அவன் கேரியரில் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போகும் பொறுமை இல்லாமல் ஹாலிலேயே தரையில் உட்கார்ந்தான். டைல்ஸ் தரை, நேற்றுத்தான் துடைத்தது. திட்ட வாயைத் திறந்தேன். அவன் கேரியர் மூடியைத் திறந்து தரையில் கவிழ்த்து வைத்தான். டங் என்று ஒரு சத்தம். நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்து, அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "இன்னாபா, இவ்ளோ நேரம்?" என்றார். அவன் சளைக்காமல், "டிராலி லைனு கிளியர் ஆவல மாமு," என்றான். நான் ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் மூடியோடு பிரியாணி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவரே மூடியைத் திறந்து கவிழ்த்தார். சாப்பிட்டார். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

நான் சமையலறைக்குள் போய் நின்றேன். அழவில்லை. எனக்கு வந்தது கோபம். இத்தனை நாள் நான் செய்யாத எதை இந்தச் சோம்பேறி செய்துவிட்டான்?

வாசலில் வைத்து அவனைப் பிடித்தேன். "சொல்லு, இன்னா பண்ணே?"

"நான் இன்னா பண்ணேன், துன்னேன்." பிறகு கேரியரை மாட்டிக்கொண்டே சொன்னான்: "கீழ எங்க கேங்குக்கு ஒரு ரூல் கீது அண்ணி. எல்லாரும் ஒக்காந்து, எல்லார் மூடியும் தொறந்த அப்பாலதான் மொத வாயி. ஒருத்தன் மூடி தொறக்கலன்னா அவன் இன்னும் உள்ள கீறான்னு அர்த்தம். அவன் வர்ற வரைக்கும் ஒருத்தனும் துன்னக் கூடாது."

"இத்த யாரு போட்டது?"

"மாமுதான். ஒரு தபா ஏர் பிளாஸ்ட்டு ஆச்சே, பாற வெடிச்சி. அன்னிக்கு நாங்க துன்னுகினு இருந்தோம். ஒருத்தன் வரல, வருவான் வருவான்னு வுட்டுட்டோம், அவன் வரவேயில்ல. அப்பாலேர்ந்து மாமு யாரையும் தனியாத் துன்ன வுட மாட்டாரு."

அந்த ஏர் பிளாஸ்ட் எனக்கும் தெரியும். வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, குளித்து, நான் போட்டதைச் சாப்பிட்டு, படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்து என்னிடம் சொல்லாததை இந்தச் சீட்டாட்டக்காரன் வாயால் நான் கேட்க வேண்டியிருந்தது.

வேறு வழியில்லை. தினமும் மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டேன். அவனும் மாப்பிள்ளை மாதிரி வந்தான். நாலு நாள் போனதும் விருப்பம் சொல்ல ஆரம்பித்தான். "அண்ணி, நாளைக்கு மீனு வெச்சா மாமு இன்னும் ரெண்டு கை துன்னுவாரு." மாமுவா, நீயா என்று கேட்டேன். "ரெண்டு பேருந்தான்" என்றான். அவர் சட்டைக்குள்ளே கொஞ்சம் சதை பிடித்தது. மகனுக்குப் போனில் சொன்னேன். நம்பவில்லை, எடை போட்டுச் சொல் என்றான். படித்த பிள்ளைகளுக்கு அப்பா சாப்பிட்டார் என்பது போதாது, மிஷின் சொல்ல வேண்டும்.

மார்கழி பாதியில் அந்த ஆளுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று அவன் மகள் வந்து பெங்களூருக்குக் கூட்டிப்போனாள். பொங்கல் முடித்துத்தான் வருவான் என்றாள். அந்தக் கண்ணை வைத்து இவன் என்ன பார்க்கப் போகிறான், சீட்டில் ராஜாவா ராணியா என்றுதானே? இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைத்தேன். அன்று மத்தியானமே அவர் மறுபடி கையை மடியில் வைத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. மகனிடம் சொன்னதும், பொங்கல் வரைக்கும் வேண்டாம், வெள்ளிக்கிழமையே காரோடு வந்து ஹோமுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டான்.

மூன்றாம் நாள் நான் உட்கார்ந்தேன்.

சொன்னால் சாதாரணமாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிட்டதில்லை. வீட்டிலும் இல்லை, மண்டபத்திலும் இல்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டு, நின்றுகொண்டே சட்டியில் இருப்பதைச் சாப்பிடுகிறவள் நான். தரையில் உட்கார என் முழங்கால் சம்மதிக்கவில்லை, கட்டில் காலைப் பிடித்து இறங்கினேன். இரண்டு கேரியர். ஒன்றை எனக்கு முன்னால் வைத்தேன், இன்னொன்றை எதிரில் அவருக்காக வைத்தேன். எனக்கு வேஷம் எதுவும் தேவைப்படவில்லை. புடவை, மூக்குத்தி, பொட்டு எல்லாம் இருந்தும் அவர் பார்த்தது கேரியரைத்தான். மூடியைத் திறந்து தரையில் கவிழ்த்தேன்.

நாற்காலியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுசா?"

"ஆமா."

"எந்த ஊரு?"

"குடியாத்தம் பக்கம்." அது என் பிறந்த ஊர்தான். பொய் சொல்லவில்லை.

"பயப்படாத. மொத வாரம் சூடு தாங்காது, அப்பால பழகிடும்." மூடியைத் திறந்தார். "இன்னா கொழம்பு?"

"பிதுக்குப்பருப்பு."

"எனக்கும் அதான்." என் கேரியரில் கைவிட்டு ஒரு வாய் எடுத்தார். மென்றார். "உப்பு கம்மி."

இந்தத் தாலுகாவில் என் குழம்பை அப்படிச் சொன்னவன் பிறக்கவில்லை. "உங்க நாக்குதான் செத்துப்போச்சி," என்றேன். அவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

"உன் சம்சாரம் வெச்சதா?" என்றார்.

"ஆமா. உங்க சம்சாரம் எப்படி?"

"அத்த ஏன் கேக்கறே." சோற்றைப் பிசைந்தார். "வாயி. ஷிப்ட்டு சைரன் ஊதுனா எங்கூட்டுல கேக்காது, அது பேச்சுதான் கேக்கும். நாலணாவுக்கு வாங்குனத நாலு தெருவுக்குச் சொல்லும். எல்லாம் அதுக்குத்தான் தெரியும்."

"அப்டியா."

"ஆனா கெட்டிக்காரி. எங்க வுட்டாலும் பொழச்சிக்கும். நான் ஒரு நாளு மேல வரலன்னாலும் புள்ளைய பட்டினி போடாது. அந்தத் தெகிரியத்துலதான் நான் எறங்கறேன்."

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துன்னுபா," என்றார். "நீ நிறுத்துனா நானும் நிறுத்தணும்."

சாப்பிட்டேன். அவர் இரண்டு அடுக்கும் காலி செய்தார்.

இதை டாக்டரிடம் போனில் சொன்னேன். நல்லது, ஆனால் இதுவும் ஒரு நாள் நிற்கும், கேரியரும் புரியாமல் போகும், விழுங்குவதே கஷ்டமாகும் என்றாள். அன்றைக்கு அவளே சொன்னாளே, அவர் இருக்கிற இடத்துக்குப் போங்கள் என்று. சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போய்ச் சேர்ந்தது நான். முழங்காலும் என்னுடையது.

வெள்ளிக்கிழமை மகன் காரோடு வந்தான். நாங்கள் இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை வாசலில் நின்று பார்த்தான். ஷூவைக் கழற்றவும் மறந்துவிட்டான். அவனுடைய அப்பா அவனைப் பார்த்து, "சார், இப்ப டிபன் டைமு. அப்பால வாங்க," என்றார். அவன் வெளியே போய்க் காரில் உட்கார்ந்தான்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம், "நாளைக்கும் இதே ஷிப்ட்டா?" என்றார்.

"இதே ஷிப்ட்டுதான்."

"அப்ப கருவாடு கொண்டா. எங்கூட்டுல வெச்சா நாத்தம், வர்றவங்க இன்னா நெனப்பாங்கன்னு கத்தும்."

வாசலுக்குப் போய், ஹோமுக்குப் போன் போட்டு இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு என்று மகனிடம் சொன்னேன். ஏதோ கேட்க வந்தான். கேட்க விடவில்லை, மார்க்கெட் மூடுவதற்குள் போய் நல்ல நெத்திலிக் கருவாடாகப் பார்த்து வாங்கிவா என்று பையைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.